சிந்துவெளியும் எங்கள் குசினிக் குழாயும்

சிந்துவெளி நாகரிகம் என்று யாராவது பேச்சை எடுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்த மக்கள்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் பாவம். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் ஒழுங்காகச் செங்கல் சுட்டு, ஒழுங்காக வாய்க்கால் கட்டி, ஒருவருக்கும் தொல்லை கொடுக்காமல் செத்துப்போனார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து பாரிசின் லா ஷப்பலில் எங்கள் தலையில் இறக்கியவர்கள்மீதுதான் என் கோபம்.

என்னோடு அந்தச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த உங்களுக்கு இது தெரியும். இப்போது உங்களில் பாதிப் பேருக்குக் கலியாணம் முடிந்துவிட்டது, மீதிப் பேருக்கு வீட்டில் சாதகம் பார்க்கிறார்கள். ஆனாலும் மொகஞ்சதாரோ என்று யாராவது சொன்னால் போதும், உங்கள் வாய் தானாகவே "மாண்புமிகு நடுவர் அவர்களே" என்று தொடங்கும். சிரிக்காதீர்கள். எனக்கும் அப்படித்தான்.

அது 2010ஆம் ஆண்டின் தொடக்கம். இலங்கையில் போர் முடிந்து, ஊரில் எல்லாம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த நாட்களில் லா ஷப்பலில் பெரியவர்கள் யாரும் யாரோடும் நல்ல முகம் கொடுத்துக் கதைத்ததாக எனக்கு நினைவில்லை. கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில்கூட யார் யாருடைய ஆள், யார் கடைசிவரை ஊர்வலத்துக்கு வந்தார், யார் பாதியில் நழுவினார் என்ற விசாரணைதான். அப்பா தெருவின் ஒரு பக்கத்துக் கடைகளுக்கு மட்டும் போவார். எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர்களோடு அவருக்கு முகமுறிவு. எதிர்ப்பக்கத்தில் அரிசி மலிவாகக் கிடந்தாலும் அம்மா இந்தப் பக்கத்தில்தான் வாங்கவேண்டும். தோற்றுப்போனவர்களுக்கு எதிலாவது வெல்லவேண்டும் போல இருந்திருக்கும். அது இப்போது விளங்குகிறது. அந்த வருடம் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பேச்சுப்போட்டித் தலைப்பு: "சிந்துவெளி நாகரிகத்தின் சாதனைகள்."

நாங்கள் இருந்தது ஃபோபூர் சென் தெனி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. மெத்ரோ பாலத்தில் ரயில் போகும்போதெல்லாம் குசினி யன்னல் கண்ணாடி அதிரும். எங்களுக்கு நேர்கீழே, இரண்டாம் மாடியில், மன்னாரிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. தாயை நான் அன்ரி என்பேன். மகள் என் வயது, என் வகுப்பு, எனக்கு இருந்த ஒரே சிநேகிதி. அவளுடைய அப்பா அந்த எதிர்ப்பக்கத்துக் கடையொன்றில் மீன் வெட்டினார். அப்பாவுக்கு அது ஒன்றே போதும், அந்த மனிதரைப் படியில் கண்டாலும் காணாததுபோலப் போவார்.

இரண்டு வீடுகளும் ஒரு மளிகைக்கடை முதலாளிக்குச் சொந்தம். அவருடைய கடை எங்கள் பக்கத்தில். தமிழ்ப் பள்ளிக்கும் அவர்தான் பெரியவர், பேச்சுப்போட்டிக்கும் அவர்தான் தலைமை நடுவர். அப்போதெல்லாம் லா ஷப்பலில் ஒரே ஆள் நான்கு கதிரைகளில் இருப்பார். எங்களுக்கு வீட்டை எழுத்தில் தரவில்லை, வாய்ப்பேச்சில்தான் தந்திருந்தார். போ என்றால் போகவேண்டியதுதான்.

என் பேச்சை அப்பாதான் எழுதினார். உங்களுடையதையும் உங்கள் அப்பாமார்தான் எழுதினார்கள், மறுக்காதீர்கள். ஒவ்வொரு தமிழ் வரிக்குக் கீழும் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துத்தான் நாங்கள் பாடமாக்கினோம். அப்பா பகல் முழுக்க ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வருவார். விரல் நுனியெல்லாம் வெளிறி ஊறிப்போயிருக்கும். அந்தக் கையால் மேசையில் வீடுகளைக் கீறிக் காட்டுவார்.

"பார் பிள்ளை, நீளம், அகலம், உயரம். நாலுக்கு ரெண்டுக்கு ஒண்டு. எந்த ஊரிலை எடுத்தாலும் அதே கல்லுத்தான். நிறை போடுற கல்லும் அப்பிடித்தான். ஒரு கடைக்கு ஒரு நிறை எண்ட கதை இல்லை."

"எங்கட கடைக்காரர் மாதிரி இல்லை என்ன?" என்றார் அடுப்படியில் நின்ற அம்மா. முதலாளியின் தராசைப் பற்றி அம்மாவுக்குத் தனிக் கருத்து இருந்தது. அப்பா முறைத்தார்.

ஆனால் அப்பாவுக்கு உயிர் இருந்தது வாய்க்காலில்தான். வீட்டுக்கு வீடு குளிக்கிற அறை, அதிலிருந்து சாய்வாகப் போகிற சுட்ட மண் குழாய், தெருவில் மூடிபோட்ட வாய்க்கால். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்.

"அதைவிடப் பெரிய விசயம் இதுதான். வீட்டுத் தண்ணியை அவை நேரடியாத் தெரு வாய்க்காலுக்குள்ளை விடேல்லை. முதலிலை ஒரு குழிக்குள்ளை, இல்லாட்டி ஒரு தாழிக்குள்ளை விழும். கசடு அடியிலை தங்கிப்போம். தெளிஞ்ச தண்ணிதான் வெளியிலை போகும். தன்ரை கசடு மற்றவன்ரை வாசலுக்குப் போகக்கூடாது எண்டு நினைச்ச சனம் பிள்ளை அவை. அதைத்தான் நாகரிகம் எண்டுறது."

கடைசி இரண்டு வரிகளைப் பேச்சிலும் எழுதியிருந்தார். அந்த இடத்தில் கையை மேலே உயர்த்தவேண்டும் என்றும் சொல்லித்தந்தார்.

நானும் கீழ்வீட்டுக்காரியும் மாடிப்படியில் இருந்து ஒன்றாகத்தான் பாடமாக்கினோம். அவள் அப்பா எழுதியதும் கிட்டத்தட்ட இதேதான். எல்லா அப்பாமாரும் ஒரே இடத்தில் பார்த்துத்தான் எழுதியிருக்கவேண்டும். அவள் 'ழ'வை அழகாகச் சொல்லுவாள். எனக்கு அது வரவே வராது. நான் 'குழி' என்று சொன்னால் அவள் படியில் விழுந்து விழுந்து சிரிப்பாள். வெல்லுகிறவள் பரிசை மற்றவளுக்கும் பாதி தரவேண்டும் என்று பேசி வைத்திருந்தோம்.

மாசி மாதம் குழாய் அடைத்தது.

எங்கள் வீட்டில் ஒன்றும் தெரியவில்லை. மேலிருந்து நாங்கள் விடுகிற தண்ணீர் கீழே போக வழியில்லாமல் அன்ரி வீட்டுக் குசினித் தொட்டியில் பொங்கி எழும்பியது. கறுப்புத் தண்ணீர். அதில் எங்கள் வீட்டுப் பருப்பும் மிதந்திருக்கும். அன்ரி மேலே ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"அண்ணை, தண்ணியை நிப்பாட்டுங்கோ! எங்கட வீடு மிதக்குது!"

அப்பா கதவைப் பாதிதான் திறந்தார். "மீன் செதிலும் நண்டுக் கோதும் போட்டுக் குழாயை நாறடிச்சுப்போட்டு இஞ்சை வந்து கத்தாதேங்கோ."

"நாங்கள் செதிலைப் பையிலை கட்டித்தான் எறியிறனாங்கள்."

"அது உங்கட கதை."

அந்த முறை அன்ரியின் கணவர் ஏதோ அடைப்பெடுக்கும் தூளைக் கொட்டி ஒருமாதிரித் திறந்தார். மாடிப்படி முழுக்கக் கழுவி ஊற்றிய ஜவெல் மருந்தின் நெடியும் அழுகல் நாற்றமும் சேர்ந்து கிடந்தன. இரண்டு கிழமையில் மறுபடியும் அடைத்தது. பிறகு மறுபடியும். முதலாம் மாடியிலிருந்த பிரெஞ்சுக்காரி கட்டட நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதிவிட்டாள். முதலாளி வந்து முற்றத்தில் நின்று இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"உங்கட சண்டையை எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. இன்னொருக்கா அடைச்சுதெண்டால் ஆள் வைச்சுத் திறப்பன். ஆரின்ரை குப்பை வருகுதோ, அந்தக் குடும்பம் வீட்டை விட்டுப் போகவேணும்."

அப்பாவுக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. பாரிசுக்குள் வாடகைக்கு வீடு தேடுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சம்பளத் துண்டு கேட்பார்கள், பிணை கேட்பார்கள், கடைசியில் முகத்தைப் பார்த்துவிட்டு வீடு கொடுத்தாயிற்று என்பார்கள். அவர் பயந்தார். ஆனால் உள்ளூர நாங்கள் அல்ல என்ற நம்பிக்கையும் இருந்தது. எனக்கும் இருந்தது. நான் படியில் என் சிநேகிதியைப் பார்த்து, "நீங்கள் போகவேண்டி வந்தால் நான் அழுவன்" என்றேன். அவள், "நீங்கள் போகவேண்டி வந்தால்?" என்று கேட்டாள். அது எனக்கு யோசனையிலேயே வந்திருக்கவில்லை.

இங்கே அம்மாவின் பூவைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாமிப் படங்களுக்குப் பூ மாற்றுவார். சரிகை நூலில் கட்டிய மாலை, கொஞ்சம் மல்லிகை, பிள்ளையாருக்கு அறுகம்புல். வாடிய பூவை என்ன செய்வது? சாமிக்குப் போட்டதை இறைச்சி எலும்போடு குப்பைத்தொட்டியில் போட அம்மாவுக்கு மனம் வராது. கால்படுகிற இடத்திலும் கொட்டக்கூடாது. ஓடுகிற தண்ணீரில்தான் விடவேண்டும். முதலில் ஸ்தாலின்கிராத் மெத்ரோவுக்குப் பக்கத்துக் கால்வாய்க்குக் கொண்டுபோய் விட்டுவந்தார். ஒருநாள் சீருடை போட்ட ஒருவன் அங்கே வைத்து அம்மாவை நாலு பேர் பார்க்கத் திட்டினான். அம்மாவுக்குத் திட்டு விளங்கவில்லை, அவமானம் விளங்கியது. அதற்குப் பிறகு கால்வாய்ப் பக்கமே போகவில்லை. குசினித் தொட்டியை மஞ்சள் தண்ணீரால் கழுவி, ஓட்டைச் சல்லடையைக் கழற்றி, பூவைச் சின்னதாக நறுக்கி உள்ளே விட்டு, மேலே தண்ணீரை நிறையத் திறந்துவிடுவார்.

"இதுவும் ஓடுற தண்ணிதானே. கடைசியிலை எல்லாம் சென் ஆத்துக்குத்தான் போகுது" என்பார்.

இதை அப்பாவும் பார்த்திருக்கிறார், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் குழாய் அடைத்த அத்தனை நாளும் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு நிமிடம்கூட அந்த எண்ணம் வரவில்லை. அடைப்பு என்றால் மீன், எண்ணெய், தலைமுடி. சாமிப் பூ அடைக்கும் என்று நினைக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தலை வேலை செய்யாது. எங்களுக்கு அது குப்பையே இல்லையே.

பங்குனியில் அடைத்தபோது முதலாளி சொன்னபடி குழாய் திறக்கிற ஆளைக் கூட்டிவந்தார். ஒரு போர்த்துக்கேயர். அன்ரி வீட்டுக் குசினியில் குழாயை அறுத்துக் கம்பியை விட்டார். நாங்கள் எல்லோரும் வாசலில் நெருக்கியடித்து நின்றோம். அவர் சொல்வதை மொழிபெயர்க்க நானும் கீழ்வீட்டுக்காரியும் முன்னால் நின்றோம். பெரியவர்களின் பிரெஞ்சு நாங்கள்தானே.

கம்பியோடு அது வந்தது. ஒரு கை நீளத்துக்கு, கறுத்து, வழுவழுவென்று. அவர் அதை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். கறுப்புக் கரைய, அதற்குள் சரிகை நூல் மினுங்கியது. நூலைச் சுற்றிப் புல், அழுகிய இதழ்.

"பூவாம்," என்றாள் அவள். "பூ எண்டு சொல்லுறார்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் இரத்தமே இல்லை. அப்பாவும் வாளியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கிய அந்தக் கணத்தை நான் அவர் முகத்தில் பார்த்தேன், அதனால்தான் இன்றுவரை என்னால் விடமுடியவில்லை. பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியளே அண்ணை, உவை மாதா சுருவத்துக்கு மாலை போடுறவை. ஒவ்வொரு கிழமையும் போடுகினம்."

அன்ரி வீட்டில் மாதா சுருவம், மாதாவின் சின்னச் சிலை, இருந்தது உண்மை. மாலை போட்டதும் உண்மை. அன்ரி வாளிக்குள் கையை விட்டு அந்தப் புல்லை எடுத்தார். அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மாதாவுக்கு ஆர் அண்ணை அறுகம்புல்லு வைக்கிறது?"

"உங்கட வேதத்திலை என்னென்ன வைக்கினமெண்டு எனக்கென்ன தெரியும்?"

அன்ரி அம்மாவிடம் திரும்பினார். "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

அம்மா முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி நின்றார்.

முதலாளிக்கு அறுகம்புல் தெரியாதா? ஒவ்வொரு வெள்ளியும் அந்த அறுகம்புல்லைக் கட்டுக் கட்டாக விற்றவரே அவர்தான். அம்மா வாங்கியதும் அவருடைய கடையில்தான். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். அப்பா அவர் பக்கத்து ஆள். கீழ்வீட்டுக்காரர் எதிர்ப்பக்கத்துக் கடையில் மீன் வெட்டுகிறவர். தீர்ப்புக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"மாதம் முடியிறதுக்கிடையிலை வேறை இடம் பாருங்கோ," என்றார் அன்ரியைப் பார்த்து.

அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்போதுதான் விட்டாள்.

பேச்சுப்போட்டி அதற்கடுத்த ஞாயிறு, புறநகர் லா கூர்னெவ்வில் ஒரு மண்டபத்தில். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். ஒருவர் பின் ஒருவராக மேடையேறி அதே செங்கல்லையும் அதே எடைக்கல்லையும் அதே வாய்க்காலையும் கத்தினோம். பெற்றோர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கைதட்டினார்கள். எனக்கு முன்னால் அவள் பேசவேண்டும். ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

முன்வரிசை நடுவில் முதலாளி, தோளில் சால்வையோடு. அவருக்குப் பின்னால் அப்பா, வாயசைத்து என்னோடு சேர்ந்து பேசத் தயாராக. நான் தொடங்கினேன். செங்கல் வந்தது, எடைக்கல் வந்தது, குளிக்கிற அறை வந்தது. கையை உயர்த்தவேண்டிய இடமும் வந்தது. கையை உயர்த்திவிட்டேன். "தன் கசடு அடுத்தவர் வாசலுக்குப் போகக்கூடாது" என்ற வரிக்கு முன்னால் நின்றுவிட்டேன். அப்பாவின் வாய் அந்த வரியைச் சொல்லி முடித்துவிட்டது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது அழுகை இல்லை, வெறுப்பு.

"அவையின்ரை வீட்டிலை ஒரு குழி இருந்தது," என்றேன். "எங்கட வீட்டிலை இல்லை. எங்கட அம்மா சாமிப் பூவைக் குசினிக் குழாய்க்குள்ளை போடுறவ. அதுதான் அடைச்சது. கீழ்வீட்டு அன்ரியாக்கள் போடேல்லை. அப்பாவுக்கும் தெரியும். நடுவருக்கும் தெரியும்."

மண்டபத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். முதலாளி ஒலிவாங்கியை எடுத்தார். அவ்வளவு கனிவான குரலை நான் அதற்கு முன்னும் பின்னும் அவரிடம் கேட்டதில்லை.

"பிள்ளை பயத்திலை பாடத்தை மறந்துபோச்சுது. சின்னப் பிள்ளைதானே, பரவாயில்லை. எல்லாரும் பலமாக் கைதட்டுங்கோ பாப்பம்."

நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல் அதுதான். அதைப்போல ஒரு அடியை எந்தக் கையாலும் அடிக்க முடியாது. வெளியே வந்தபோது ஒரு மாமி என் கன்னத்தைத் தட்டி, அடுத்த வருடம் நன்றாகப் பாடமாக்கு என்று சொன்னார். ஆறுதல் பரிசாக முதலாளியின் கடையிலிருந்து ஒரு எவர்சில்வர் வாளி கொடுத்தார்கள்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அதுபற்றி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. பல மாதம் அம்மாவின் ஊடாகத்தான் என்னோடு கதைத்தார். இப்போது எனக்கும் வாடகை வீடு, பிள்ளை, பயம் எல்லாம் உண்டு. அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. விளங்கியதால் கோபம் குறையும் என்று சொல்கிறார்கள். எனக்குக் குறையவில்லை.

அன்ரி வீட்டார் பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவுக்குப் போனார்கள். சாமான்களை இறக்கிய அன்று எங்கள் கதவு பூட்டியிருந்தது. அம்மா அந்தச் சில்வர் வாளியைக் குசினித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். வாடிய பூவை அதில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் குழாயில் ஊற்றி, அடியில் தங்கியதை விடியவெள்ளனப் பூங்கா மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார். அப்பா எழுதிய பேச்சை அந்த வீட்டில் கேட்டு நடந்த ஒரே ஆள் அம்மாதான். குழாய் பிறகு அடைக்கவே இல்லை. அம்மா பூ விடுவதை நிறுத்தியதால்தான் அடைப்பு நின்றது என்று ஒருவரும் கவனிக்கவில்லை. கீழ்வீட்டார் போனதால்தான் அடைப்பு நின்றது என்று அப்பா கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அம்மா என்னை வெளிக்கிடச் சொன்னார். இருப்பதிலேயே நல்ல மல்லிகைச் சரமாகப் பார்த்து, அதுவும் எதிர்ப்பக்கத்துக் கடையில், வாங்கினார். கார் து நோரில் ரயில் ஏறினோம். அம்மா ஈரத் துணியில் சுற்றிய பூவை மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று உதடசைத்துப் பாடமாக்கிக்கொண்டே வந்தார்.

அன்ரிதான் கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"மாதாவுக்குக் கொஞ்சப் பூ கொண்டுவந்தனான் தங்கச்சி," என்றார் அம்மா. பாடமாக்கிய மற்றது ஒன்றும் வாயில் வரவில்லை.

அன்ரி பூவைப் பார்த்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"எங்களுக்குக் கீழையும் ஒரு குடும்பம் இருக்குதக்கா. எங்களுக்குப் பூ வேண்டாம்."

பின்னால் அவள் நின்றாள். உயரமாகியிருந்தாள். என்னைப் பார்த்து "போன்ஜூர்" என்றாள், கடைக்காரருக்குச் சொல்வதுபோல. கதவு சாத்தப்பட்டது.

திரும்பி வரும்போது அம்மா யன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தார். கார் து நோரில் இறங்கியதும் மேடையில் நின்றுவிட்டார். உங்களுக்குத் தெரியுமே, அங்கே குப்பைக்குத் தொட்டி கிடையாது, வளையத்தில் தொங்குகிற, கண்ணாடிபோன்ற பொலித்தீன் பைதான், உள்ளே கிடப்பதெல்லாம் வெளியே தெரியும். அம்மா துணியை விரித்து, சரத்தை எடுத்து அதற்குள் போட்டார். கோப்பிக் கோப்பைகளுக்கும் கசங்கிய பேப்பருக்கும் நடுவில் மல்லிகை வெள்ளையாகத் தெரிந்தது. அம்மா பூவைக் குப்பையில் போட்டதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, "நட பிள்ளை, அப்பா வந்திடுவார்" என்றார்.